காப்புக் கட்டிய கையோடு கோல் காத்தவனுக்கு

என் ஆசை மச்சான் குணா,

நீ போன பிறகு நம் எஸ்டேட் டீம் ஒரு மேட்ச்கூட ஜெயிக்கவில்லை. போன வாரம் ரிங்லெட் டவுன் டீம்காரன்களிடம் ஆறு கோல் வாங்கிக்கொண்டு வந்தோம். உன் இடத்தில் நிற்கும் ராமு பந்து வந்தாலே கண்ணை மூடிக்கொள்கிறான். இதைக் கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மாணிக்கம் மாஸ்டரை கோச் வேலையிலிருந்து தூக்கியது உனக்குத் தெரியாது. உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு கமிட்டி கூடித் தூக்கிவிட்டது. இப்போது அவரைத் திரும்பக் கூப்பிடலாமா வேண்டாமா என்று லைன் வீடுகள் முழுக்க ஒரே வாக்குவாதம். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலும் அதே பேச்சு, கோயில் வாசலிலும் அதே பேச்சு.

போன ஞாயிறு மீட்டிங்கில் முனியாண்டி எழுந்து, “ரிங்லெட்ல எல்லாம் நம்மளப் பாத்து சிரிக்கிறானுங்க லா. மாஸ்டரக் கூப்பிடுங்க, போதும்” என்றான். உடனே டிரைவர் கோவிந்தன் அண்ணன் பாய்ந்தார். “ஒரு உசுரே போயிருச்சு, இவனுக்குக் கோல்தான் பெருசு! காப்புக் கட்டுன பையன எல்லை தாண்டிக் கூட்டிட்டுப் போன ஆளுய்யா அவரு. ஆத்தா சும்மா விடுவாளா?”

எஸ்டேட் ஆபீஸ் பெரிய கிராணி கையமர்த்தினார். “குணாவோட அம்மா சொல்லட்டும். அவங்க சரின்னா சரி” என்றார்.

உன் அம்மா, என் அத்தை, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தது. “எம்புள்ளயக் கொண்டுபோன ஆளு, திரும்பவும் இந்தத் திடல்ல நின்னு விசில் ஊதணுமா? அத நான் வீட்டுக்குள்ள உக்காந்து கேக்கணுமா?” என்று கேட்டது. முடிவை ஒரு வாரம் தள்ளிவைத்தார்கள். இன்று சாயங்காலம் மறுபடியும் மீட்டிங்.

மச்சான், உன்மேல் எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. செத்தவனோடு எப்படிடா சண்டை போடுவது?

திருவிழாவுக்குக் காப்புக் கட்டினால் தீமிதி முடியும்வரை எஸ்டேட் எல்லையைத் தாண்டக்கூடாது. இது உனக்குத் தெரியாதா? அந்த வாரத்தில்தான் தானா ராத்தா டவுனில் பைனல் வந்து தொலைத்தது. “காப்புக் கட்டுனவன் எவனும் வரக்கூடாது” என்று மாஸ்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நீ என்ன செய்தாய்? முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தேயிலைக்குள் குறுக்கே இறங்கி, வளைவுக்கு அப்பால் வந்து லோரியில் ஏறினாய். “மாஸ்டர்தான் வரச் சொன்னாரு” என்று பையன்களிடம் கூசாமல் புளுகினாய். அவரோ எதுவும் தெரியாமல் முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

சட்டை மாற்றும்போதுதான் அவர் உன் மணிக்கட்டைப் பார்த்தார். அப்போது பக்கத்தில் நான் மட்டும்தான் இருந்தேன். அவருக்கு முகமே வெளுத்துப்போயிற்று. “டேய் பாவி, என்னடா பண்ணிட்ட!”

“தாண்டுனது தாண்டியாச்சு மாஸ்டர். இப்ப நான் போஸ்ட்ல நிக்கலேன்னா மட்டும் தாண்டலன்னு ஆயிருமா?” என்று பல்லைக் காட்டினாய். பெனால்டியையும் பிடித்தாய். கப்பைத் தலையில் வைத்துக்கொண்டு லோரியில் ஆடினாய்.

அடுத்த மாதமே மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய்விட்டது. காமாலைக்குக் காப்பு தெரியுமா என்று நான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். இருந்தாலும் கோயில் பக்கம் போனால் நானும் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

“எம்புள்ளய யாரு கூட்டிட்டுப் போனது?” என்று அத்தை உன் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் கதறியபோது மாஸ்டர் கைகூப்பி, “நான்தாம்மா” என்றார். பிறகு என்னை ஓரமாக இழுத்து, வாயைத் திறக்கமாட்டேன் என்று சத்தியம் வாங்கிக்கொண்டார். அன்றைக்கு மாட்டிக்கொண்டவன்தான் நான்.

அவர் வேலை பார்க்கும் தேயிலை பேக்டரியில் இப்போது அவரோடு யாரும் பேசுவதில்லை. நாங்கள் பயிற்சி செய்யும்போது மேல் ரோட்டில் குடையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். பனி இறங்கினாலும் போவதில்லை. நேற்று போய், “சொல்லிடவா மாஸ்டர்?” என்று கேட்டேன்.

“வேணாம்டா. அந்தம்மா என்னையத் திட்டிக்கிட்டாவது உசுரோட இருக்கட்டும். எனக்கு என்ன, ஒரு விசில்தானே போச்சு” என்றார். சொல்லிவிட்டுக் குடையைத் தாழ்த்தி முகத்தை மறைத்துக்கொண்டார். இன்றைக்கும் வேண்டாம் என்று முடிவானால், குடும்பத்தோடு தாப்பா பக்கம் ஏதாவது எஸ்டேட்டுக்கு இறங்கிவிடப் போகிறாராம்.

இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம், ஒரே ஒரு பலகைச் சுவருக்கு அப்பால், உன் அம்மா. தினமும் காலையில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, “நீயாச்சும் இருக்கியே ராசா” என்கிறது. ராத்திரி இருமினால்கூட எனக்குக் கேட்கும். எங்கே போய் ஒளிவேன்? சுற்றிலும் மலை. எந்த லைனுக்குப் போனாலும் நம் சனம்தான். நீ என் இடத்தில் இருந்தால் என்ன செய்வாய், சொல்லேன்?

மீட்டிங்கில் நாலு பேர் முன்னால் உன் பெயரை இழுக்க மாட்டேன். சத்தியத்தை உடைக்கிறேன், மாஸ்டர் என்னை மன்னிக்கட்டும். இந்தக் கடிதத்தை முடித்ததும் அத்தையிடம் போகிறேன். நீயாகத்தான் ஏறினாய் என்று சொல்லிவிடுவேன். அடித்தால் உன் பங்கையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறேன். கதவைச் சாத்தினால் வாசலிலேயே உட்கார்ந்திருப்பேன். இனி என் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்று சொன்னாலும், கடைசியில் அத்தைக்குக் கொள்ளி வைப்பவன் நான்தான். இது உனக்கு நான் தரும் வாக்கு.

சுவருக்கு இந்தப் பக்கம் இருக்கும் உன் மாமன் மகன்,
செல்வம்