அப்பா அழித்த ஆள்

போர்வெல் போடும் ரிக் வண்டிச் சத்தம் எட்டாத இடத்தில் இனியாவது நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் என் ஆசை அப்பாவுக்கு,

வருகிற மாசியோடு நீங்கள் போய் இரண்டு வருடம். அம்மா சௌக்கியம். உங்கள் டம்ளரில் இன்னும் யாருக்கும் டீ ஊற்றித் தருவதில்லை. நான் கேட்டால் மட்டும் தருகிறாள், அதுவும் முறைத்துக்கொண்டே.

நான் அதே பள்ளிக்கூடத்தில்தான் இருக்கிறேன். எல்.கே.ஜி.யிலிருந்து பிளஸ் டூ வரைக்கும் நான் ஒருத்திதான் டிராயிங் டீச்சர். சின்னதுகளுக்குக் கிரேயானையும் மூக்கையும் துடைத்து விடுகிறேன். பத்தாம் வகுப்புக்கு என் பீரியடே கிடையாது. கணக்கு டீச்சர் சிரித்துக்கொண்டே எதிரில் வந்தால் அன்றைக்கு என் வகுப்புக்குச் சங்கு என்று அர்த்தம். பிளஸ் டூ பிள்ளைகள் ரெக்கார்டு நோட்டில் தவளை வரைந்து தரச் சொல்லி மட்டும் என்னைத் தேடி வருவார்கள். 'மாட்டேன் போ' என்பேன். அப்புறம் பாவம் பார்த்து, எப்படி வரைவது என்று சொல்லிக்கொடுப்பேன்.

போன வாரம் பள்ளியில் ஓவியக் கண்காட்சி வைத்தோம். ஆளுக்கு ஒரு படம். எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு 'எங்கள் வீடு' என்று தலைப்புக் கொடுத்து, தாளை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினேன். அதுதான் நான் செய்த தப்பு. திங்கட்கிழமை வந்த படங்களைப் பார்க்க வேண்டுமே! நான்கு வயதுப் பிள்ளைக்கு நிழல் எந்தப் பக்கம் விழும் என்று தெரிந்திருக்கிறது. ஒரு பையன் திருச்செங்கோட்டு மலையைப் படிக்கட்டோடு வரைந்திருந்தான். அவனுக்கு இன்னும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாது. எல்லாம் அப்பா அம்மாக்களின் கைவேலை.

அதில் ஒன்று தன்யஸ்ரீயுடைய படம். அவளுடைய அப்பா கோழிப்பண்ணையில் வேலை பார்க்கிறார். படத்தைப் பேப்பரில் சுருட்டி அவரே எடுத்து வந்து, "மடங்காமப் பாத்துக்கோங்க மிஸ்" என்று பயபக்தியோடு கொடுத்துவிட்டுப் போனார். பிரித்தால், ஓட்டு வீடு, கூரைமேல் மயில். கோட்டுக்கு வெளியே ஒரு பொட்டு வண்ணம் போகவில்லை. பெயர் எழுதலாம் என்று தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் சிவப்புக் கிரேயானில் ஒரு பெரிய வட்டம். அதற்குள் இரண்டு கண். வட்டத்திலிருந்தே நேராக இரண்டு கால் இறங்குகிறது. சுற்றிலும் சின்னச் சின்ன வட்டங்கள்.

"இது யாரு கண்ணு?"

"அப்பா."

"இதெல்லாம்?"

"முட்டை. நாந்தான் மொதல்ல போட்டேன். அப்பா நல்லால்லைன்னு திருப்பிக்கிட்டாரு."

சொல்லிவிட்டு அவள் விளையாடப் போய்விட்டாள். எனக்குத்தான் தாளைக் கீழே வைக்க முடியவில்லை. உங்கள் ஞாபகம் வந்துவிட்டது அப்பா.

மூன்றாம் வகுப்பில் எனக்கு ஓவியப் போட்டி வந்தது நினைவிருக்கிறதா? மழைக்காலம் என்று வடக்கே போர்வெல் போடுகிற வேலை நின்று, நீங்கள் ஊருக்கு வந்திருந்தீர்கள். வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் நீங்கள் எங்களுக்கு. 'எனக்குப் பிடித்தது' என்பது தலைப்பு. நான் உங்கள் ரிக் வண்டியை வரைந்து, பக்கத்தில் உங்களை வரைந்திருந்தேன். தலையில் துண்டு கட்டிக்கொண்டு, ரிக்கின் கம்பத்தைவிட உயரமாக நின்றீர்கள்.

"இப்புடிக் குடு சாமி, சித்த நேராக்கித் தாரேன்" என்று வாங்கினீர்கள். முதலில் சக்கரத்தை வட்டமாக்கினீர்கள். அப்புறம் நான் வரைந்திருந்த உங்களைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஆளு இத்தன ஒசரம் இருப்பானா? வண்டியையே மறைக்கறான் பாரு." ரப்பரை எடுத்து, தலையிலிருந்து கால் வரைக்கும் அழித்துவிட்டீர்கள். அந்த இடத்தில் ஒரு தென்னை மரம் நட்டீர்கள். அழகான மரம்தான், இல்லை என்று சொல்லவில்லை.

அந்தப் படத்துக்கு முதல் பரிசு கிடைத்தது. அம்மா அதைக் கண்ணாடி போட்டு மாட்டினாள். "பரிசு வாங்குன புள்ள" என்று ஊரே சொல்லிச் சொல்லித்தான் நான் டிராயிங் டீச்சர் ஆனேன். அது என் படம் இல்லை என்று நம் இருவருக்கும் மட்டும் தெரியும். டீச்சர் பயிற்சியில் முதல் நாள், பிடித்ததை வரையச் சொன்னபோது கை ஓடவில்லை. யாராவது வந்து நேராக்கித் தர வேண்டும் என்று காத்திருந்தேன். இதை உங்களிடம் கடைசி வரை சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், உங்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. பரிசுக்காக இல்லை. வீட்டில் இருப்பதே கொஞ்ச நாள், அதிலும் உங்களை நீங்களே அழித்துக்கொண்டீர்களே, அதற்காக.

கண்காட்சியில் தன்யஸ்ரீயின் படத்தைத் திருப்பி மாட்டினேன். மயில் சுவரைப் பார்த்தது, முட்டைக்காரர் எல்லோரையும் பார்த்தார். இஸ்திரி போட்ட சட்டையில் அவள் அப்பா வந்தார். போனைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசை வரிசையாக மயிலைத் தேடினார்.

"ஏனுங்க மிஸ், எம்புள்ள படத்தத் திருப்பி மாட்டிட்டீங்களாட்ட இருக்குதுங்க."

"இல்லீங்க. அவ போட்டது அதுதானுங்க."

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. "இது கிறுக்கலுங்க மிஸ். நாலு பேரு பாத்தாச் சிரிப்பாங்க." இந்த மாதிரி வேலைக்கு ஹெச்.எம்.மிடம் ஏற்கெனவே ஒருமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். "அது யாருன்னு அவகிட்டயே கேளுங்க" என்றேன். அவர் கேட்கும் முன்பே அவள் அவர் விரலைப் பிடித்து இழுத்து, "நீதாம்ப்பா" என்றாள்.

"நானா? இத்தன பெருசாவா?"

நீங்கள் கேட்ட அதே கேள்வி. அவர் குனிந்து படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் நீட்டி, படத்துக்குப் பக்கத்தில் போய், விறைப்பாக நின்றுகொண்டார். "என்னையும் அதையும் சேத்து ஒண்ணு எடுங்க மிஸ்." எடுத்துக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நம் படத்தைச் சுவரிலிருந்து இறக்கினேன். "எதுக்குப் புள்ள அதக் கழட்டறே?" என்று அம்மா சமையற்கட்டிலிருந்து ஓடி வந்தாள். கண்ணாடியைக் கழற்றி, தாளை ஜன்னல் வெயிலில் சாய்த்துப் பிடித்தேன். சின்ன வயதில் நான் பென்சிலை அழுத்தி எழுதுகிறவள், அதற்காக எத்தனை திட்டு வாங்கியிருக்கிறேன்! தென்னை மரத்தின் இரண்டு பக்கமும் தாள் பள்ளம் விழுந்து கிடந்தது. பென்சிலைப் படுக்க வைத்து மெதுவாகத் தேய்த்தேன். கறுப்புக்கு நடுவே வெள்ளைக் கோடாக முதலில் கை வந்தது, அப்புறம் கால், மட்டைகளுக்கு மேலே தலைத்துண்டு.

அம்மா கிட்டே வந்து பார்த்தாள். "முடிச்சு எடது பக்கம். உங்கய்யன் அப்புடித்தான் கட்டுவாரு" என்றாள். அப்புறம் தானாகவே போய், உங்கள் டம்ளரில் எனக்கு டீ கொண்டு வந்தாள்.

படம் மறுபடியும் சுவரில் இருக்கிறது அப்பா, வயிற்றில் தென்னை மரத்தோடு நீங்களும் இருக்கிறீர்கள். எந்தப் பிள்ளையின் தாளிலும் என் ரப்பர் படாது, இது உங்கள்மேல் சத்தியம். நீங்களும் ஒன்று செய்யுங்கள். இனிமேல் யார் கேட்டாலும் உங்களைச் சின்னதாகச் சொல்லிக்கொள்ளாதீர்கள்.

உங்கள் வண்டியை உங்கள் இடுப்பளவுக்கு வரைந்த மகள்,
கலா