கலங்கல் தெளியும் முன்

மே 6, செவ்வாய்

காற்றே இல்லை. காலையிலேயே மொட்டைமாடி சுடுகிறது. குழாயில் தண்ணீர் வந்து ஒரு வாரத்துக்கு மேல். டிரம்மில் அடி தெரிகிறது.

செய்ய வேண்டியவை: மூன்றாம் இயல். பேராசிரியைக்கு மெயில். அம்மாவுக்குக் கண் சொட்டு மருந்து. வி.யை நினைக்காமல் இருப்பது.

டெல்லியிலிருந்து வந்து ஒரு பக்கம்கூட எழுதவில்லை. கனவைக் கேட்டு மனதைப் படிக்கும் உளப்பகுப்பாய்வு இந்தியாவுக்குள் வந்த கதை. யாரைத் தொட்டது, யாரைத் தொடவில்லை. இதுதான் என் ஆய்வு. மூன்றாம் இயலுக்காக எங்கள் தெருவில் கனவுகள் சேகரிக்க வேண்டும். ஒன்றுகூடத் தேறவில்லை.

பக்கத்து வீட்டு மைமூன் அக்காவிடம் கேட்டேன். பஜாரில் செருப்புக் கடை அவர்களுடையது. தெருவில் எதைக் கேட்டாலும் சொல்கிறவள், கனவு என்றதும் முந்தானையை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

"நல்லதச் சொன்னா பலிக்காதுங்காவ. கெட்டதச் சொன்னா பலிச்சிருமாம். பொறவு உனக்கு எதத்தான் சொல்ல?"

கெட்ட கனவு வந்தால் என்ன செய்வீர்கள் என்றேன். தண்ணீரில் சொல்லிவிட வேண்டுமாம். குழாய் திறந்ததும் முதலில் வரும் கலங்கல் தண்ணீரில். அது சாக்கடையோடு கொண்டுபோய்விடும். தெளிந்த பிறகு சொன்னால் குடத்துக்குள் விழுந்து வீட்டிலேயே தங்கிவிடும்.

தண்ணீர் வராத நாட்களில்?

"வச்சுக்கிட்டுதான் இருக்கணும். வேறென்ன செய்ய."

மே 7, புதன்

கரண்ட் போய்ப் போய் வந்தது.

வி.யிடமிருந்து செய்தி. பிரிந்த பிறகு முதல் முறை. பெயரைப் பார்த்ததும் அடுப்படியிலிருந்து மாடிக்கு ஓடினேன். தரை சுட்டது. செருப்பு போடவில்லை.

நலமா என்று ஒரு வரி. பிறகு விஷயம். அவனுடைய ஆய்வேட்டில் என் கனவு ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறான். பெயரை மாற்றிவிட்டானாம். திங்கட்கிழமை சமர்ப்பிக்க வேண்டும். 'சம்மதம்னு ஒரு வார்த்தை அனுப்பினா போதும்.' கூடவே அந்த இயல்.

இரண்டு வருடம், எழுந்ததும் அவனுக்குத்தான் கனவைச் சொல்வேன். விடுதி வாசல் டீக்கடையில். ஆங்கிலத்தில். வகுப்பில் படித்ததைப் பழகிப் பார்க்கிறோம் என்று ஆரம்பித்தது. பிறகு அதுவே நாங்கள் என்றானது. பிப்ரவரியில் அதே டீக்கடையில் சொன்னான், "நாம ஒருத்தரை ஒருத்தர் ரொம்ப விளக்கிட்டோம். மிச்சம் எதுவும் இல்ல."

எனக்கு மிச்சம் இருந்தது.

மே 8, வியாழன்

இயலைப் படித்தேன்.

கனவைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறான். கோடை. வெடித்துக் கிடக்கும் கரிசல் காடு. ஒரு வெடிப்புக்குள்ளிருந்து அப்பா தண்ணீர் கேட்கிறார். என் இடுப்பில் நிறைகுடம். நான் காலால் மண்ணைத் தள்ளி வெடிப்பை மூடுகிறேன்.

அதன் கீழே பக்கம் பக்கமாக விளக்கம். தந்தையின் சாவை உள்ளுக்குள் விரும்பிய மகள். நல்ல வாக்கியங்கள். வாசித்தால் எங்கே மூச்சு விடுவான் என்றுகூடத் தெரிகிறது.

ஒன்று மட்டும் இல்லை. அப்பாவுக்குச் சிறுநீரகம் போய்விட்டது. கடைசி நாட்கள் திருநெல்வேலி ஆஸ்பத்திரியில். ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்று அளந்து சொல்லியிருந்தார்கள். கூட இருந்தது நான். தீப்பெட்டி ஆபீஸில் மேஸ்திரியாக ஊரையே அதட்டிய மனிதர், "ஒரு மடக்கு குடுட்டி" என்று கெஞ்சினார். டம்ளரை அவர் கண்ணில் படாமல் ஜன்னல் திரைக்குப் பின்னால் வைத்தேன். இதையும் வி.யிடம் சொல்லியிருக்கிறேன். அன்று அழுதது அவன்தான்.

ஆஸ்பத்திரி அந்த இயலில் இல்லை. இருந்தால் விளக்கம் நிற்காது.

அவன் எனக்கு வைத்திருக்கும் பெயர் மீரா. என்றாவது பெண் பிறந்தால் வைக்கலாம் என்று அவனிடம் நான் சொன்ன பெயர். மறந்திருப்பான். மறந்தானா என்று ஆராயத்தான் எனக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள். ஆராயவில்லை. குப்புறப் படுத்துக் கிடந்தேன். கன்னத்தில் பாயின் கோடுகள்.

மே 10, சனி

நேற்று எழுதவில்லை. மேகம் திரண்டு எட்டயபுரம் பக்கம் போய்விட்டது.

பழைய குறிப்புகளைப் புரட்டினேன். இந்தத் துறையின் ஆரம்பம் முழுக்கப் பெண் நோயாளிகள். எல்லோருக்கும் பொய்ப் பெயர். இருமல், பேச்சு அடைத்துப்போவது, கனவு. தங்களைப் பற்றிய பக்கங்களை அவர்கள் படித்தார்களா? படித்தபோது எங்கே உட்கார்ந்திருந்தார்கள்? என்னிடமாவது சம்மதம் கேட்கிறான். முன்னேற்றம்.

இன்னொரு குறிப்பு. இந்தச் சிகிச்சைக்கு ஓர் அறை வேண்டும், கதவு சாத்த வேண்டும், கேட்பவர் முகம் தெரியக் கூடாது. எங்கள் தெருவில் அப்படி அறை கிடையாது. குழாய் இருக்கிறது. இதை மூன்றாம் இயலில் சேர்க்கலாம் என்று நினைத்தேன். நினைத்ததும் வெட்கம். மைமூன் அக்கா சொன்னதை எடுத்துக்கொள்ள நான் யார்? அவன் செய்ததும் இதுதானே.

சாயங்காலம் பஜார். சொட்டு மருந்து வாங்கியாயிற்று. கடலைமிட்டாய்க் கடை அண்ணாச்சி என்னைக் கண்டதுமே எடுத்து நிறுக்க ஆரம்பித்துவிட்டார். "டெல்லிக்குத்தானம்மா? டப்பாவுல வச்சு இறுக்கிக் கட்டிருதேன், ஒடையாது." லீவு முடிந்து போகும்போதெல்லாம் வி.க்கு வாங்குவேன். வேண்டாம் என்று சொல்லாமல் காசைக் கொடுத்தேன். டப்பா இப்போது அலமாரியில், துணிகளுக்கு அடியில்.

மே 11, ஞாயிறு

புழுக்கம். அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டே, "தூக்கத்துல பேசுத" என்றாள். என்ன பேசினேன் என்று கேட்டேன். தோலை ஒதுக்கித் தள்ளினாள். "கூடப் படிக்கிற அந்தப் பையன் போன் பண்ணுதானா?"

அவனைப் பற்றி ஒரே ஒருமுறை சொல்லியிருக்கிறேன். இல்லை என்றேன்.

வி. மறுபடி. 'நாளைக்குக் கடைசி நாள். ப்ளீஸ்.'

'ச' என்று அடித்தேன். அழித்தேன். சம்மதம் சொன்னால் அதன் பிறகு எனக்கு எழுத அவனுக்கு ஒரு காரணமும் இருக்காது. மறுத்தாலும் அப்படித்தான். பதில் சொல்லாத வரைக்கும் காத்திருப்பான். எனக்காக அவன் காத்திருப்பது இதுதான் கடைசி.

மே 12, திங்கள்

இருட்டு பிரியவில்லை. அம்மா எழுப்பினாள். "ஏட்டி, எந்தி. தண்ணி வந்துட்டு." தெரு முழுக்கக் குடச் சத்தம்.

எங்கள் குழாய் வாசலை ஒட்டிய குழிக்குள். இறங்கி உட்கார வேண்டும். முதலில் வெறும் காற்று. பிறகு துரு நிறத்தில் தண்ணீர். அம்மா ஹோஸைச் சாக்கடைப் பக்கம் திருப்பிவிட்டாள். வழக்கமாக இந்த நேரத்தில் குனிந்து ஏதோ முணுமுணுப்பாள். சாமி கும்பிடுகிறாள் என்று இத்தனை வருடம் நினைத்திருந்தேன்.

இன்று விலகிக்கொண்டாள். "எனக்கு ஒண்ணுமில்ல. நீ சொல்லு." இடுப்பில் காலிக் குடத்தோடு முதுகைக் காட்டி நின்றாள்.

சொன்னேன். ஆங்கிலத்தில் அந்தக் கரிசல் காட்டுக் கனவு சின்னது. தமிழில் முடியவே இல்லை. டம்ளர் வந்தது. ஜன்னல் திரை வந்தது. "ஒரு மடக்கு" என்றபோது அப்பா குரலிலேயே வந்தது. பிறகு டீக்கடை. மீரா. அலமாரியில் டப்பா. கலங்கல் எப்போதோ தெளிந்துவிட்டது. கண்ணாடி மாதிரித் தண்ணீர் சாக்கடைக்குள் போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே பேசினேன். நிறுத்த முடியவில்லை.

மைமூன் அக்கா தன் குடத்தைத் தூக்கியபடி சத்தம் போட்டாள். "யக்கா, நல்ல தண்ணி போகுது பாருங்க. குடத்த வைங்க."

அம்மா திரும்பவில்லை.

"போகட்டும் மைமூன். பிள்ள சொல்லி முடிக்கட்டும்."

விடிந்ததும் வி.க்கு அனுப்பினேன். சம்மதம் இல்லை. பார்த்துவிட்டான்.

டிரம் பாதிகூட நிறையவில்லை. அடுத்த தண்ணீர் எப்போது என்று யாருக்கும் தெரியாது. இன்று துணி ஊறப்போட வேண்டாம் என்று மட்டும் அம்மா சொன்னாள்.