அபோண்டி கூரையேறிய சேதி

கடெரோ,
ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து வந்து.

அன்பு மகன் ஒபியேரோவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கடவுள் புண்ணியத்தில் இங்கே நான், உன் தங்கை அபோண்டி, ஆடு மாடு எல்லாம் சுகம். நீயும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். எல்லா அம்மாவும் எழுதுகிற வரிதானே என்று தாண்டிப் போய்விடாதே, இந்தத் தடவை நீ சுகமாக இருப்பது உன் சொந்த விஷயம் இல்லை, ஊர் விஷயமாகிவிட்டது. ஏன் என்று சொல்கிறேன், பொறுமையாகப் படி. போனில் சொன்னால் நடுவில் கத்துவாய், காகிதத்திடம் கத்த முடியாது பார், அதனால்தான் தோஹாவுக்குத் திரும்புகிற பக்கத்து வீட்டு ஒவுதியிடம் கொடுத்துவிடுகிறேன். கூடவே ஒமேனா கருவாடும் வறுத்த வேர்க்கடலையும் வைத்திருக்கிறேன். கருவாடு நாறுகிறது என்று உன் அறையில் இருப்பவர்கள் முகம் சுளித்தால் அவர்களுக்கும் கொஞ்சம் பொரித்துக் கொடு, வாயை மூடிக்கொள்வார்கள்.

மழை இந்த வருஷம் ஏமாற்றவில்லை, சோளம் ஆள் உயரம் நிற்கிறது. சிவப்புப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. என் முழங்கால் வலிதான் வந்து வந்து போகிறது, அதை விடு. அபோண்டி தொழிற்பயிற்சிக் கூடத்தில் தையலை விட்டுவிட்டுத் தச்சு வேலைக்கும் கூரை வேலைக்கும் மாறியபோது நீகூட முணுமுணுத்தாய். ஆனால் அவள் கேட்டதில் என்ன தப்பு? வீட்டுக்கு வீடு தையல் மெஷின் இருக்கிறது, தைக்கத் துணி கொண்டுவரத்தான் ஆள் இல்லை, ஊரே சந்தையில் மலிவாகக் கிடைக்கிற வெளிநாட்டுப் பழைய துணியை வாங்கி மாட்டிக்கொண்டு திரிகிறது. கூரை அப்படியா, எல்லோருக்கும் வேண்டும், எல்லோர் வீட்டிலும் ஒழுகுகிறது. வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். பையன்கள் ஆரம்பத்தில், "நீ கீழ நின்னு ஆணி எடுத்துக் குடு தாயி, அது போதும்" என்று கிண்டல் செய்தார்களாம். இவள் சும்மா இருப்பாளா, "ஆணிய நேரா அடிக்கக் கத்துக்கோ, அப்புறம் பேசு" என்றாளாம். வீட்டுக்கு வந்தாலும் அவளுக்கு இதே பேச்சுதான். தகரத்தின் மேட்டில் ஆணி அடிக்க வேண்டுமாம், பள்ளத்தில் அடித்தால் ஒழுகுமாம். இப்போது நானும் சர்ச்சில் பிரசங்கத்தை விட்டுவிட்டுக் கூரையைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

போன மாதம் அவளுக்குக் கடைசிப் பரீட்சை. நம் ஆரம்பப் பள்ளியில் புதிதாகக் கட்டிய வகுப்பறைக்கு ஒவ்வொருவரும் மேலே ஏறித் தங்கள் பங்குத் தகரத்தை அடித்துக் காட்ட வேண்டும், ஏறாவிட்டால் சான்றிதழ் கிடையாது. இது தெரிந்ததும் உன் பெரியப்பா ஒகோலா கைத்தடியை ஊன்றிக்கொண்டு பரீட்சை நடக்கிற இடத்துக்கே வந்துவிட்டார். நம் பக்கத்தில் பெண் கூரையேறினால் அந்த வீட்டு ஆணின் உயிருக்கு ஆகாது என்பார்கள், உனக்குத் தெரியாததில்லை. அபோண்டிக்குக் கூரை வேலை சொல்லிக்கொடுக்கிற மாஸ்டர் முசியோகா வெளியூர்க்காரர், அவர் சிரித்துக்கொண்டே, "பள்ளிக்கூடத்துக்கு ஏதுங்க புருஷன்?" என்று கேட்டார். பெரியப்பா சளைக்கவில்லை, "ஏன், ஹெட்மாஸ்டர் இல்லையா?" என்றார். அவ்வளவுதான், பக்கத்தில் நின்ற ஹெட்மாஸ்டருக்கு, பட்டம் வாங்கிய மனிதருக்கு, அந்த நிமிஷமே காய்ச்சல் வந்துவிட்டது! மோட்டார் சைக்கிளில் ஏறிப் போனவர் மறுநாள்தான் திரும்பினார்.

பிறகு பெரியப்பா என் பக்கம் திரும்பினார். "ஒபியேரோ அம்மா, ஹெட்மாஸ்டர் தப்பிச்சுட்டான். இனிமே உன் வீட்டு ஆம்பளை தலையிலதான் விடியும். உன் வீட்டுக்காரனும் போய்ச் சேந்துட்டான், ஒபியேரோதான் மிச்சம். பெத்தவ நீயே எல்லார் முன்னாடியும் சொல்லு, ஏறட்டுமா வேண்டாமா?" என்றார். பரீட்சை அதிகாரியும் அம்மா சொன்னால் சரி என்றுவிட்டார். நானும் இந்த ஊர்ப் பெண்தான் மகனே, இதையெல்லாம் நம்பித்தான் வளர்ந்தேன், முழுக்க விட்டுவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன். நீ அங்கே எத்தனையோ மாடி உயரத்தில் சாரத்தின் மேல் நிற்பது கண்ணுக்கு முன் வந்தது. அபோண்டி என்னைப் பார்க்கவே இல்லை, உன் பழைய கால்சட்டையைப் போட்டுக்கொண்டு, சுத்தியலைப் பிடித்தபடி தரையைப் பார்த்து நின்றாள். அப்போதுதான் தோன்றியது, நீ யாருக்காக அந்த உயரத்தில் நிற்கிறாய்? எங்கள் இரண்டு பேருக்காகத்தானே. இவள் ஏறினால்தான் நீ ஒருநாள் இறங்க முடியும். "ஏறட்டும்" என்றேன். எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன்.

ஏறினாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன், சுத்தியல் சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று மேலேயிருந்து, "அம்மா, இங்கேர்ந்து ஏரி தெரியுது!" என்று கத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அன்று சாயங்காலம் போனில் நல்லா இருக்கியா நல்லா இருக்கியா என்று திரும்பத் திரும்பக் கேட்டேனே, உனக்கென்னம்மா ஆச்சு என்று நீ சிரித்தாயே, காரணம் இதுதான்.

சான்றிதழ் வந்துவிட்டது, உன் அப்பா படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறோம். வகுப்பறையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஆனால் பெரியப்பா தினமும் காலையில் வாசலுக்கு வந்து, "பையன் எப்படி இருக்கான்?" என்று கேட்டுவிட்டுத்தான் ஆட்டை ஓட்டுகிறார். பாவம், உன்மேல் அவருக்கு உயிர், நீ நன்றாக இருக்கிறாய் என்றால் அவர் முகம் மலர்ந்துபோகிறது, உடனே அதை மறைத்துக்கொள்கிறார். ஊரில் மூன்று பெண்கள் கூரை வேலைக்குச் சேரத் துடிக்கிறார்கள். அவர்களுடைய அம்மாக்கள் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டு, "கிறிஸ்துமஸ் வரைக்கும் பாக்குறோம் அக்கா, உங்க பையனுக்கு ஒண்ணும் ஆகலைன்னா ஜனவரியில சேர்த்துடுறோம்" என்கிறார்கள். மூன்று பெண்களின் பிழைப்பு இப்போது உன் உடம்பில் இருக்கிறது.

அதனால் இடுப்புப் பட்டையை மாட்டாமல் சாரத்தில் கால் வைக்காதே. வெயிலில் தண்ணீர் குடி. வேளைக்குச் சாப்பிடு, சிகரெட்டை விட்டுவிடு, எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. கிறிஸ்துமஸுக்கு வரும்போது குறுக்கு வழியில் வராதே, சந்தை வழியாக, நெஞ்சை நிமிர்த்தி, நொண்டாமல் நடந்து வா, எல்லோரும் பார்க்கட்டும். இருமல் வந்தால் அடக்கிக்கொள், வீட்டுக்குள் வந்து இருமலாம்.

கடவுள் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் பிரியமுள்ள அம்மா,
அசெங்கா

அபோண்டி பக்கத்தில் நின்று எழுதச் சொல்கிறாள்: "அண்ணா, தயவுசெஞ்சு சளிகூடப் பிடிக்காமப் பாத்துக்கோ."