இடப்பக்கக் கதவு

மச்சான்,

காலையில் வாசல் படலையடியில் வந்து நின்ற வாடகை வானிலிருந்து பிறேக் தீய்ந்த மணம் வந்தது. ஆஸ்பத்திரியில் கண் காட்ட வவுனியாவுக்கு வெளிக்கிட்டவன், ஏறாமல் நிற்கிறேன். மகள் ஏசுகிறாள். எனக்கு எழுத்துத் தெரியாதென்பது உனக்குத் தெரியும். பேத்தி எழுத, நான் முற்றத்தில் நடந்து நடந்து சொல்கிறேன். ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

நாம் சேர்ந்து லொறி ஓடிய காலத்தில், வவுனியா ஏஜென்சி முற்றத்தில் நமக்கென்று ஒரு லொறி இருந்ததில்லை. விடிய மனேச்சர் பெயர் கூப்பிடுவார். அவர் கைகாட்டுகிற லொறியை எடுக்க வேண்டும். கூப்பிடாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. நாங்கள் ரயருக்கு ஓர் உதை கொடுத்துவிட்டு ஏறிவிடுவோம். நீ சிலுவை போட்டுக்கொண்டு லொறிக்குக் கீழே படுத்துப் பழுது பார்ப்பாய். "லொறிக்குக் கால் பிடிச்சு விடுறான்" என்று நான்தான் பகிடி பண்ணுவேன். பழுதை வாயால்தான் சொல்ல வேண்டும். சொன்னவனின் பெயர் அடுத்த நாள் மறந்துபோகும். அதனால் பலர் வாய் திறப்பதில்லை.

அன்றைக்கு உன் பெயருக்கு முல்லைத்தீவு லோட். அரிசி மூட்டைகளுக்கு மேலே, வயலில் அரிவுவெட்டு முடிந்து வீடு திரும்பும் பெண்கள்.

"ஐயா, பிறேக் அடிமட்டும் போகுது. மூண்டு தரம் மிதிச்சாத்தான் பிடிக்குது" என்றாய் மனேச்சரிடம்.

"நேற்று ஓடின லொறிதானே?"

"நேற்றும் சொன்னனான்."

"நீ சொல்லாத லொறி எது? கதைக்காமல் எடு."

மனேச்சரும் ஒரு காலத்தில் லொறி ஓடியவர். பெடலில் கால் வைத்தால் அவருக்கே விளங்கும். வைக்கவில்லை. நீ இடப்பக்கக் கதவைத் திறந்து, தோள் துவாயால் சீற்றைத் துடைத்தாய்.

"சரி ஐயா, எடுக்கிறன். நீங்கள் முன்னுக்கு ஏறுங்கோ. முல்லைத்தீவில நல்ல மீன் வாங்கித் தாறன்."

மேலேயிருந்து ஒருத்தி, "ஏறுங்கோவன் ஐயா, வெக்கமோ?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவர் ஏறவில்லை. சிரிப்பு அடங்கியது. முதலில் அந்தப் பெண்தான் தன் மூட்டையோடு இறங்கினாள். பிறகு ஒவ்வொருவராய் இறங்கினார்கள். நீ லொறித் திறப்பைக் கழற்றிப் பொனற்றில் வைத்துவிட்டு நடந்தாய். என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் அசையாமல் நின்றேன். என்ன நினைத்துக்கொண்டு போனாயோ.

மறுநாள் உன் பெயர் இல்லை. அதே லொறிக்கு என் பெயர். தர்மபுரத்தில் மனைவி வயிற்றுப்பிள்ளையோடு, கூரை பாதி வேய்ந்த வீட்டில். பெடலை மிதித்தேன், அடிமட்டும் போனது. எனக்கு உன்னைப் போலக் கதைக்க வராது. இறங்கிப் போய் இடப்பக்கக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன்.

"உனக்கும் அந்த வருத்தம் தொத்திட்டுதோ?" என்றார் மனேச்சர்.

"ஓம் ஐயா."

அடுத்துக் கூப்பிட்டது நரைத்த தலைச் சாரதியை. அந்த மனுசன் வந்து, கதவில் என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தார். மத்தியானம் மெக்கானிக் வந்தான்.

இதைச் சொல்லத்தான் அந்த லொறியிலேயே உன் ஊர் முல்லைத்தீவுக்கு வந்தேன். கரையில் உன் தம்பி, "அண்ணை நாயாற்றுப் பக்கம் மீன் தொழிலுக்குப் போயிட்டார்" என்றான். அடுத்த முறையும் நீ இல்லை. அதற்கடுத்த முறை, காய்ச்சலில் போய்விட்டாய் என்று சொன்னான். நான் லொறிக்குள்ளேயே இருந்தேன். பிறேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தேன். நன்றாகப் பிடித்தது.

நீ தனியாக நிற்கவில்லை மச்சான். இத்தனை காலமும் இந்தச் சொல்லை எங்கே இறக்குவதென்று தெரியாமல் சுமந்துகொண்டு திரிகிறேன். பேருந்தில் ஏறினாலும் என் கால் பிறேக்கைத் தேடி வெறும் தகட்டை மிதிக்கிறது.

வான் சொந்தக்காரன் கூப்பிடுகிறான்: "அப்பு, இது நல்ல வான். பயப்பிடாமல் ஏறுங்கோ."

"ஓட்டப் போறது உன்ர றைவர்தானே தம்பி. நீயும் வா. முன்னுக்கு ஏறு" என்று வானின் முன்கதவைத் திறந்துவிட்டேன்.

தலையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான். பேத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு அவனைப் பார்க்கிறாள். வெயில் ஏறிவிட்டது. இடப்பக்கக் கதவை நான் இன்னும் மூடவில்லை.