நீ சொன்ன வெடி

இன்று காலை சாயாக்கடை டிவியில் உன் முகம் வந்தது. நீ செத்து ஆறேழு மாதம் ஆகிறது, இவர்களுக்கு இன்னும் நீ தேவைப்படுகிறாய். அதே நீலச் சட்டை, அதே வேர்த்த நெற்றி, அதே ஒற்றை வரி: "பின்னால வெடி வெச்சாங்க, ஜனம் ஓடுச்சு." கீழே சிவப்புப் பட்டையில், இசை விழாவில் துப்பாக்கிச் சூடு நடந்ததா என்று ஒரு கேள்வி. எனக்கு வந்த கோபத்தில் கிளாஸை ஓங்கி வைத்தேன். சாயா சட்டையெல்லாம் கொட்டியது.

அன்றைக்கு அந்த அரசு இசை விழாவில் நாம் இரண்டு பேரும் மைதானத்தில், உன் வழக்கப்படி, ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தோம். நெஞ்சு அதிரணும் டா, இல்லாட்டி வீட்டில் உட்கார்ந்து ரேடியோ கேட்டால் போதாதா என்பாய். பின்வரிசையில் ஏதோ பையன்கள் சரவெடியைக் கொளுத்தினார்கள். கூட்டம் கொஞ்சம் சிதறி, பிறகு தானே சிரித்துக்கொண்டு திரும்பி வந்தது. அவ்வளவுதான் நடந்தது. வெளியே வந்ததும் ஒரு நிருபர் பெண் மைக்கை நீட்டினாள். பதற்றம் வந்தால் உனக்குப் பாதி வீட்டுத் தமிழ், பாதி கடைத்தெரு மலையாளம். நம் வீட்டில் வெடி என்றால் பட்டாசு. மலையாளத்தில் வெடி வைத்தான் என்றால் துப்பாக்கியால் சுட்டான் என்று எடுத்துக்கொள்வார்கள். பட்டாசுக்கு அவர்கள் சொல்வது 'படக்கம்'. வேறொரு நாளாக இருந்தால் அப்படித்தான் நீ சொல்லியிருப்பாய்.

மறுநாள், ஆட்சியை எதிர்க்கும் சேனலுக்கு நீ துப்பாக்கிச் சூட்டைக் கண்ணால் கண்ட சாட்சி. ஆட்சியை ஆதரிக்கும் சேனலுக்கோ, விழாவைக் கெடுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூலிக்கு இறக்கிய ஆள். முதலாவதைக் கேட்டு நீ சிரித்தாய். இரண்டாவதில் சுருங்கிப் போனாய். உன் தாத்தா காலத்திலிருந்து இந்தக் கொச்சி மட்டாஞ்சேரியில் மிளகும் சுக்கும் விற்கிற குடும்பம். "வெடியை விடு டா, என்னை வெளியூர்க்காரன்னுட்டானே" என்றாய். சரக்கு எடுக்க வருகிறவர்கள்கூட உனக்கு எந்த ஊர் என்று விளையாட்டாகக் கேட்க ஆரம்பித்தார்கள். நீயும் கூடச் சிரித்தாய். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

நான் இரண்டு சேனலுக்கும் போன் செய்தேன். ஒருவர் நீங்கள் எந்தப் பார்ட்டி என்றார். இன்னொருவர் மெயில் அனுப்பச் சொன்னார். என் மகள் நல்ல மலையாளத்தில் எழுதி அனுப்பினாள், பதிலே இல்லை. அந்தச் செய்திதான் உன்னைக் கொன்றது என்று நான் சொல்ல மாட்டேன். உன்னைக் கொண்டுபோனது சர்க்கரை நோய். இல்லாததைச் சொன்னால் நானும் ஒரு சேனலாகிவிடுவேன். ஆனால் அந்தக் கெட்ட பேரோடு போனாயே, அதுதான் எனக்கு ஆறவில்லை.

இப்போது நடக்கிற கூத்தைக் கேள். ஆட்சி மாறிவிட்டது, விழா மறுபடி வருகிறது. அன்று உன்னைக் கூலி ஆள் என்ற சேனல் இன்று உன்னைச் சாட்சியாக்கிவிட்டது. அன்று சாட்சி என்ற சேனல் இன்று கூலி ஆள் என்கிறது. வெட்கங்கெட்டவர்கள், வார்த்தையைக்கூட மாற்றவில்லை.

மத்தியானம் ஒரு நிருபர் உன் கடையைத் தேடி வந்தான். பக்கத்துக் கடையில் இருந்த என்னிடம், அவருக்கு எந்த ஊர் என்றான். இந்தத் தெருதான் என்றேன். அன்று விழாவில் அவன் பக்கத்தில் நின்றவன் நான், அவன் பேசியதை முழுசாகச் சொல்கிறேன் என்றேன். முழுசெல்லாம் வேண்டாம், வெடியா படக்கமா, ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் என்றான். ஒற்றை வார்த்தையை வெட்டி எடுத்துத்தானே இவ்வளவும், முடியாது என்றேன். மைக்கை மடக்கிக்கொண்டு கிளம்பிவிட்டான்.

அவன் போனால் போகட்டும் என்று நான் வாயை மூடிக்கொள்ளவில்லை. மூட்டை இறக்குகிறவர்கள், சாயாக்கடைச் சேட்டன், தெருவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, அந்த ஒற்றை வரிக்கு அடுத்து நீ சொன்னதை, எந்தச் சேனலும் போடாததைச் சொன்னேன்: "பசங்க விளையாட்டு, யாருக்கும் ஒண்ணுமில்ல. நம்ம ஊரு பாட்டு இது, நாளைக்கும் எல்லாரும் வந்துடுங்க."