வீட்டுக்கு வயசு இருபது

நவம்பர் 12, 1991. செவ்வாய்.

பேங்க் கடனுக்காக வேப்பனப்பள்ளியில் ஒரு வீட்டை மதிப்புப் போட, நான் பயிற்சிக்குச் சேர்ந்திருக்கும் இன்ஜினியர் சாரோடு போனேன். டேப் பிடித்து அளந்து முடித்ததும், வீடு கட்டி எத்தனை வருஷம் என்று அந்த வீட்டம்மாவைக் கேட்டேன்.

"பையன் வயித்துல இருக்கறப்ப கடக்கால் போட்டோம். இருந்திருந்தா வர்ற தைக்கு இருபது ஆயிருக்கும்."

ஓசூர் ஃபேக்டரியில் மெஷினில் சிக்கிச் செத்துப்போனானாம். "இருபதுன்னு எழுதுப்பா," என்றார் சார். எழுதினேன்.

கிளம்பும்போது அந்தம்மா, "வீடு இன்னும் எத்தினி வருஷம் தாங்கும், சாமி?" என்றார்.

பெரிய இன்ஜினியர் மாதிரி, "நாப்பது வருஷம் தாங்கும்மா," என்றேன்.

"அத்தினி வருஷம் இதுல யாரு இருக்கப்போறா?"

பஸ்ஸில் சார் என் பயிற்சிக் கணக்கில் ஐந்து மணி நேரம் சேர்த்துக் கையெழுத்துப் போட்டார். நாப்பது என்று நான் ஏன் சொன்னேன்?