நீ சொன்ன ‘இல்ல சார்’

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. மலை சுற்றியவர்கள் நொண்டிக்கொண்டே என் மெடிக்கலுக்கு வருகிறார்கள். முதலில் வந்தவர், "சார், கால் வலி உயிர் போவுது, ஸ்ட்ராங்கா ஒரு மாத்திரை குடுங்க" என்றார். அட்டையை நறுக்கப் போன கை நின்றுவிட்டது. "ஈரல்ல ஏதாவது கோளாறு இருக்குங்களா?" என்று கேட்டேன். ஒரு மாதிரி பார்த்துவிட்டு அடுத்த கடைக்குப் போய்விட்டார்.

உன்னிடம் அப்படிக் கேட்கத் தேவையே இருக்கவில்லை, நண்பா. உன் ஈரல் சுருங்கிப்போனது, வயிற்றில் நீர் கோத்தது எல்லாம் எனக்குத் தெரியும். நீர் மாத்திரையை நான்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். சர்க்கரையும் கொழுப்பும் செய்த வேலை அது. ஆனால் பார்க்கிற டாக்டரெல்லாம் "எத்தனை வருஷமா குடிக்கிறீங்க?" என்றுதான் ஆரம்பிப்பார்கள். ஐந்து வேளைத் தொழுகை தவறாத நீ, "டீ சார், நாலு வயசுலேர்ந்து" என்பாய். உன் மனைவி மட்டும் அவமானத்தில் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

கார்த்திகை தீபக் கூட்டத்தில் நாளெல்லாம் ஆட்டோ ஓட்டிவிட்டுக் கடை முன்னால் வந்து நின்றாய். "டேய், முதுகு புட்டுக்குதுடா. ஏதாச்சும் குடு." ஈரல் கெட்டவனுக்கு வலி மாத்திரை கொடுத்தால் கிட்னி போய்விடும் என்று படித்துப் பாஸ் செய்தவன் நான். கடையில் கூட்டம் ஜாஸ்தி. நாலு நாளைக்குத்தானே என்று நறுக்கிக் கொடுத்தேன். மறுநாள் ஆட்டோவை நிறுத்தி, "நீதான்டா டாக்டர்" என்று கத்திவிட்டுப் போனாய். ஐந்தாம் நாள் உனக்குச் சிறுநீர் நின்றுபோனது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார்: "வலி மாத்திரை ஏதாவது போட்டீங்களா? நல்லா யோசிச்சு சொல்லுங்க. அத வச்சுதான் என்ன வைத்தியம்னு முடிவு பண்ணணும்."

நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். நீ என்னைப் பார்த்தாய். பாவி, என் வாய் திறக்கவில்லை.

"இல்ல சார்" என்றாய்.

இரண்டு நாள் அல்புமின் என்ற புரதத்தை நரம்பில் ஏற்றினார்கள். அதற்குக் கிட்னி அசையவில்லை. பிறகு டெர்லிபிரெசின் என்ற ஊசி. "ஈரல் கெட்டதால கிட்னிக்கு ரத்தம் போகல. இது மத்த இடத்து ரத்தக் குழாய இறுக்கி அங்க தள்ளிவிடும்" என்றார் டாக்டர். ஊசி போட்ட மூன்றாம் நாள், கிட்னி கெட்ட அளவைக் காட்டும் கிரியேட்டினின் கொஞ்சம் இறங்கியது. உன் மனைவி என்னைப் பார்த்து, "நீங்க கூட இருக்கறதே தெம்பா இருக்குண்ணா" என்றாள். நாலாம் நாள் உன் விரல்கள் நீலமாகி, நுனி கறுத்தது. ஊசியை நிறுத்தினார்கள். கிரியேட்டினின் மறுபடி ஏறியது.

அன்றைக்கு அவள் வெளியே போன நேரத்தில், "சொல்லிடாதடா. லைசென்ஸ் போயிடும். ரெண்டு பொண்ணு வச்சிருக்க" என்றாய். "பேசாம படு" என்றேன். டாக்டரின் அறை பத்தடி தூரத்தில்தான் இருந்தது. நான் போகவில்லை. நடந்ததைச் சொல்லியிருந்தால் அந்த ஊசியையே போட்டிருக்க மாட்டார்களோ என்னவோ. பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டாம் என்றுதான் இதுவரை யாரிடமும் கேட்கவில்லை. உன் உடலைச் சுமந்த ஜனாசாவுக்குத் தோள் கொடுத்தபோது உன் தம்பி என்னைக் கட்டிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன், வெட்கமில்லாமல்.

உன் மகள் இப்போது பார்மஸி படிக்கிறாள். நான்தான் சேர்த்துவிட்டேன். போன வாரம் போன் செய்தாள்.

"மாமா, ஈரல் கெட்டவங்களுக்கு கிட்னி ஏன் போவுதுன்னு இன்னைக்கு கிளாஸ்ல நடத்துனாங்க. அப்பா வலி மாத்திரை ஏதாச்சும் போட்டாரா?"

அவளிடமாவது சொல்லியிருக்கலாம். "இல்லம்மா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை, தானாக வந்தது.

"அதானே" என்றாள். "நீங்க இருக்கறப்ப எப்படிப் போடுவாரு."